குவாரித் தண்ணீர்மேல் நடந்த ஒன்பதாம் வகுப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. நேற்றுச் சாயங்காலம் என் அக்கா வீட்டுக்குள் வந்து, செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு, கால் இரண்டையும் வெந்நீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு, புரையேறப் புரையேறச் சிரித்துச் சொன்னது. அக்கா பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். ஒன்பதாம் வகுப்பின் வகுப்பாசிரியை.

"எழுதட்டுமா?" என்றேன்.

"எழுது. ஆனா என்னை அழ வைக்காத. உன் கதையில வர்ற பொம்பளைங்க எல்லாம் மூணாம் பக்கத்துல கண்ணைக் கசக்க ஆரம்பிச்சிடறாங்க."

இன்று ஞாயிறு. நான் எழுத எழுத, தாள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் படிக்கிறாள். கையில் சிவப்புப் பேனா. விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? ஆகவே வாசகரே, அடைப்புக்குறிக்குள் எது வந்தாலும் அது என் அக்காவின் சிவப்பு மசி. அதற்கு நான் பொறுப்பல்ல.

(பொறுப்பில்லாதவன்னு ஊருக்கே தெரியும்.)

2

தொடக்கம் ஒன்று: "நம் தலைக்கு மேலே இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள்கள், மாணவச் செல்வங்களின் கல்வியில் ஆற்றும் அரும்பணியை…"

நிறுத்திவிட்டேன். பள்ளி ஆண்டுமலருக்கு வேண்டுமானால் ஆகும். எனக்கே கொட்டாவி வந்தது.

தொடக்கம் இரண்டு: "கல்குவாரியின் ஆழ்ந்த மௌனத்தில், அந்தப் பெண்ணின் விழிகள்…"

குவாரிக்கு ஏது மௌனம்? நானும் அக்காவும் குவாரித் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒரு பக்கம் கம்ப்ரசர், ஒரு பக்கம் பாறையைக் குடைகிற ஜாக்ஹாமர், நடுவில் கல்லைக் கடித்துத் துப்புகிற கிரஷர். அங்கே காதலைச் சொன்னால்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். ஆகவே இதுவும் குப்பைக்கூடைக்கு.

தொடக்கம் மூன்று: "தூரம் 1.4 கி.மீ. தகுதி இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது."

இது நன்றாக இருக்கிறது. காரணம், இதை நான் எழுதவில்லை. பள்ளிப் பேருந்துகளை நடத்தும் வண்டி அலுவலகம் எழுதியது. இதிலிருந்தே தொடங்குகிறேன்.

3

அந்த வரி எழுதப்பட்ட தாள், போன புதன்கிழமை ஆசிரியர் அறையில் பூகோள டீச்சரின் மேசைமேல் கிடந்தது. குவாரி லைனிலிருந்து ஆறு பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் பேருந்து நிறுத்தம் வேண்டும் என்று டீச்சர் எழுதிப் போட்ட மனுவுக்குப் பதில் அது. பள்ளியிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டருக்கு அப்பால் வீடு இருந்தால்தான் நிறுத்தம். அலுவலகத்தில் ஒருவர் கணினித் திரையில் பள்ளிமேல் ஒரு சொடுக்கு, லைன்மேல் ஒரு சொடுக்கு வைத்திருக்கிறார். நடுவில் நேர்கோடு. 1.4.

கோட்டில் குற்றமில்லை. ஆனால் கோட்டுக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது. கல்லை எடுத்து எடுத்துக் கைவிட்ட பழைய குவாரி. ஏழு ஆள் ஆழத்துக்குப் பச்சைத் தண்ணீர். காக்கைக்குத்தான் 1.4. காலால் நடக்கிறவர்கள் குவாரியைச் சுற்றிக்கொண்டு லாரிப் பாதையில் வர வேண்டும்.

அந்த ஆறு பேரில் மூத்தவள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். பட்டப்பெயர் சில்லு. கல் உடைக்கும்போது தெறிக்குமே, அந்தச் சில்லு. ஆள் சின்னதாக இருப்பாள், பதில் சுரீரென்று வரும். இந்தப் பருவத்தில் அவள் ஒன்பது நாள் தாமதம். எட்டரைக்குப் பள்ளிக் கேட் மூடினால் மூடியதுதான். பத்தாவது தாமதம் விழுந்தால் பருவத்தேர்வுக்கு அனுமதிச் சீட்டு கிடையாது. தலைமையாசிரியர் போட்ட சட்டம். அதில் அவர் அப்பாவே வந்தாலும் சலுகை இல்லை.

"ஒன்பது நாளும் தூங்கிட்டியா?" என்று டீச்சர் கேட்டபோது சில்லு சொன்னாள்: "நான் தூங்கல டீச்சர். ஆறரைக்கே ரெடி. வழியில பாறைக்கு வெடி வைக்கறதுக்குக் கொடி ஏத்திடுவாங்க. கொடி இறங்கற வரைக்கும் நிக்கணும், எவ்வளவு சீக்கிரம் போனாலும் சில நாள் எட்டு மணி ஆயிடும்."

இந்த இடத்தில் டீச்சரின் மனம் எப்படிக் குமுறியது என்று அரைப்பக்கம் எழுதியிருந்தேன்.

(அடிச்சிட்டேன். நான் குமுறல. பீரோ சாவி எங்கன்னு தேடினேன்.)

4

சரி, பீரோ. ஆசிரியர் அறையில் வாடிய பூச்செண்டுக்கும் உடைந்த உலக உருண்டைக்கும் நடுவே ஓர் இரும்புப் பீரோ. அதற்குள் ஆறு ஜிபிஎஸ் கருவிகள், உள்ளங்கையளவு, மஞ்சள் நிறம். போன வருடம் பள்ளிகளுக்கெல்லாம் கொடுத்து, ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சியும் வைத்தார்கள். கையில் பிடித்துக்கொண்டு நடந்தால், நடந்த வழியையெல்லாம் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொள்ளும். கணினியில் இணைத்தால் வரைபடத்தின்மேல் கோடாக வரும். பிள்ளைகள் தாங்களே தங்கள் பகுதியை அளந்து படம் போட்டுக் கற்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு வருடமாக அவை பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் இருந்தன. கருவி என்று வந்தால் தலைமையாசிரியருக்கு முதலில் நினைவு வருவது பாடம் அல்ல, ஆய்வுக்கு வருகிறவர்கள்.

"டீச்சர், கீறல் விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

"தூசி போச்சுன்னா?"

"துடைக்கறேன் சார்."

"கீழ விழுந்தா?"

"சார், அதைக் குழந்தை மாதிரி பாத்துக்கறோம்."

"குழந்தையா? எங்க வீட்டுல மூணு குழந்தை. மூணும் கீழ விழுந்துதான் வளர்ந்துச்சு." ஆனாலும் ஒன்றைக் கொடுத்தார். டீச்சரோடு வந்து நின்ற பிள்ளைகள் பக்கம் திரும்பி, "ஒரு தூசி! ஒரு தூசி பட்டிருந்தாலும் பீரோவை மறுபடி பூட்டிடுவேன்!" என்றார்.

இந்த வசனத்தை வாசகர் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எல்லாக் கூத்துக்கும் இதுதான் பிள்ளையார் சுழி.

5

நேற்று, சனிக்கிழமை. காலை சரியாக ஒன்பது மணிக்குப் பள்ளிக் கேட்டிலிருந்து ஒன்பதாம் வகுப்பின் பதினோரு பிள்ளைகளும் டீச்சரும் லைன்வரை நடந்து அளக்கக் கிளம்பினார்கள். இதற்கு நான் எழுதிய முதல் வரைவில் காலை வெயில், பறவைகள், "அறிவின் பயணம்" என்ற சொல் எல்லாம் இருந்தன. உண்மையில் இருந்தது லாரித் தூசி. ஒரு லாரி கடந்துபோனால் முன்னால் நடப்பவன் முதுகு தெரியாது.

ரேடியோ என்று ஒரு பையன். வாயை மூடத் தெரியாதவன், அதனால் அந்தப் பெயர். அவன் வழி நெடுக நேரடி வர்ணனை கொடுத்தான். "நேயர்களே, டீச்சர் குடையை விரிக்கிறார். காற்று அதைத் திருப்புகிறது. குடை இப்போது கிண்ணமாகிவிட்டது."

"டேய், உன்னையும் அந்தக் குடையையும் சேர்த்து மடக்கிடுவேன்."

குவாரி லைன் சில்லுவின் இடம் என்பதால் கருவி அவள் பொறுப்பு. முதல் இரண்டு நிமிடம் திரையைக் காட்டிக்கொண்டே நடந்தாள். 130 மீட்டர் என்று எல்லோரும் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். அதற்குள் முதல் லாரி வந்தது.

பிறகு அவள் செய்ததை அவளுடைய அம்மா தினமும் செய்வாள். குவாரியில் வேலை செய்கிற எவரும் செய்வார்கள். கல்தூசி செல்போனையும் கடிகாரத்தையும் ஆறு மாதத்தில் தின்றுவிடும். ஆகவே வேலைக்குப் போனதும் அவற்றைத் துணியில் சுற்றி, எவர்சில்வர் சோற்று டப்பாவில் வைத்து, மூடியை அழுத்திக் கொக்கி போட்டுவிடுவார்கள். சில்லு கருவியைத் துணியில் சுற்றினாள். டப்பாவில் வைத்தாள். மூடினாள். கொக்கி போட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, உலகத்திலேயே பத்திரமான பிள்ளையாக நடந்தாள்.

டீச்சர் ஏன் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம்.

(குடையைத் திருப்பிக்கிட்டிருந்தேன்.)

பத்தே கால் மணிவாக்கில் லைன் வந்தது. தகரக்கூரை வீடுகள் இரண்டு வரிசை. சில்லுவின் அம்மா தலைமுண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். எல்லோர் முன்னாலும் டப்பா திறந்தது. துணி விரிந்தது. மஞ்சள் கருவி, தொட்டிலில் இருந்து எழுப்பிய மாதிரி பளபளவென்று வந்தது.

"பாத்துக்குங்க டீச்சர், ஒரு தூசி இல்ல!" என்றாள் அம்மா.

"எம் பொண்ணாச்சே" என்ற பெருமை முகத்தில். சில்லு சேமிக்கும் பொத்தானை அழுத்திக் கருவியை அணைத்தாள். பிள்ளைகள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினார்கள்.

6

பதினொன்றரைக்குக் கணினி அறையில் தலைமையாசிரியர் காத்திருந்தார். பக்கத்தில் வண்டி அலுவலர். மனுவை மறுபடி பார்க்க அன்றுதான் கடைசி நாள்; விடுமுறையிலும் அவரை வரவழைத்தவர் தலைமையாசிரியரேதான். (அதையும் எழுது. பாவம், அவர் நல்லவர்தான்.)

டீச்சர் கருவியை இணைத்தாள். வரைபடம் விரிந்தது. நீலக்கோடு ஒன்று பள்ளிக் கேட்டில் புறப்பட்டது, சாலையில் ஒரு சுண்டுவிரல் தூரம் ஒழுங்காகப் போனது, பிறகு சடாரென்று திரும்பி, வேலியைத் தாண்டி, பாறை விளிம்பைத் தாண்டி, பச்சைத் தண்ணீரின் நட்டநடுவே அம்பு மாதிரி போய், அக்கரையில் குவாரி லைனில் ஏறியது.

தலைமையாசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"என்ன டீச்சர் இது? பிள்ளைங்களைத் தண்ணியில இறக்கினீங்களா?"

"இறங்கல சார்" என்றான் ரேடியோ. "மேலயே நடந்திருக்கோம்."

வண்டி அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "நானும் ஒன்று புள்ளி நாலுன்னுதான் எழுதினேன். உங்க மெஷினும் அதையேதான் சொல்லுது. இதைச் சொல்லவா மேடம் என்னை லீவு நாள்ல கூப்பிட்டீங்க?"

டீச்சர் திரையில் கோடு விலகிய இடத்தைப் பார்த்தாள். ஒன்பது மணி இரண்டு நிமிடம். அதற்கப்புறம் பத்து மணி பன்னிரண்டு நிமிடம் வரை ஒரு புள்ளிகூட இல்லை. செயற்கைக்கோள் பேசுவது கருவிக்குக் கேட்கவே இல்லை. கடைசியாகக் கேட்ட இடத்தையும் மறுபடி கேட்ட இடத்தையும் அது ஒரு கோட்டால் முடிச்சுப் போட்டுவிட்டது.

"டப்பாக்குள்ள வச்சியா?"

"ஆமா டீச்சர்." சில்லுவுக்கு இன்னும் புரியவில்லை. "தூசி படுமே."

டீச்சர் அவளைத் திட்டவில்லை. அவள் தோளில் கை வைத்து…

(பொய் எழுதாத. நல்லாத் திட்டினேன். "இரும்பு மூடிக்குள்ள போட்டா அது எப்படிடி வானத்தைப் பார்க்கும்"னு ஒரு நிமிஷம் வாங்கு வாங்குன்னு வாங்கினேன். அப்புறம் என் ஹேண்ட்பேக்கைப் பார்த்தேன். என் வாட்ச் அதுல ஒரு மிட்டாய் டப்பாவுக்குள்ளதான் இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன்.)

7

இங்கே ஒரு சந்தேகம். இந்த வண்டி அலுவலரை என்ன செய்வது? கதைக்கு ஒரு வில்லன் தேவை. முதல் வரைவில் அவருக்கு மீசை வைத்தேன், தொப்பை வைத்தேன், ஏழைப் பிள்ளைகளைப் பார்த்து ஏளனச் சிரிப்பும் வைத்தேன். அக்கா மூன்றையும் அடித்துவிட்டாள்.

"அவர் ஒல்லியா இருப்பாருடா. புது ஷூ. கால் வலிக்குதுன்னு உக்காரும்போதெல்லாம் குதிகாலை வெளிய எடுத்து வச்சுக்கிட்டாரு."

"வில்லன் இல்லைன்னா கதை எப்படி அக்கா நகரும்?"

"எங்களை நகர்த்தினது கணக்கு. அதை எழுது."

கணக்கைக் கண்டுபிடித்தது சில்லு. திட்டு வாங்கி முகம் சிவந்து நின்றவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திடீரென்று, "டீச்சர், டப்பாக்குள்ள இருந்தாலும் கடிகாரம் ஓடியிருக்கும்ல?" என்றாள்.

"ஓடியிருக்கும்."

"அப்ப எழுபது நிமிஷம் உள்ள இருந்திருக்கு. அதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷத்துல நூத்தி முப்பது மீட்டர் நடந்தோம். நிமிஷத்துக்கு அறுபத்தஞ்சு." சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் பெருக்கினாள். "நாலாயிரத்து ஐந்நூத்தி அம்பது. முன்னாடி நடந்த நூத்தி முப்பதையும் சேர்த்தா நாலாயிரத்து அறுநூத்தி எண்பது. நாலே முக்காக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி சார்."

வண்டி அலுவலர் கரும்பலகையை மேலிருந்து கீழே ஒரு முறை படித்தார். "நடுவுல எங்கயாவது உக்காந்து அரட்டை அடிச்சிருந்தா?"

நியாயமான கேள்வி. எனக்கே அவர்மேல் மரியாதை வந்தது.

"சார், எங்க டீச்சர் கூடப் போனா உக்கார முடியாது சார்" என்றான் ரேடியோ. "தண்ணி குடிக்கறதே நடந்துக்கிட்டுதான்."

"கணக்கு சரி பாப்பா. ஆனா கணக்கை வச்சு நான் பஸ் விட முடியாது. ஃபைல்ல கோடு இருக்கணும்."

"அப்ப நடங்க" என்றாள் டீச்சர்.

"யாரு?"

"நீங்கதான் சார். மெஷின் உங்க கையிலயே இருக்கட்டும். நாளைக்கு டப்பா, மூடின்னு பேச்சு வரக் கூடாது."

"நானா? இப்பவா?"

"கடைசி நாள் இன்னைக்குன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

தலைமையாசிரியர் மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்க என்று அக்கா சொல்கிறாள். நான் இல்லாத இடம், நம்புகிறேன்.

8

இரண்டாவது நடையில் நான்கு பேர்: டீச்சர், சில்லு, ரேடியோ, வண்டி அலுவலர். அவர் கருவியை உள்ளங்கையில் வைத்து, விளிம்புவரை நிரம்பிய டம்ளரைக் கொண்டுபோவதுபோலக் கொண்டுபோனார். பாதி வழியில் சிவப்புக் கொடி ஏறியது. விசில் ஊதினார்கள். கொடிக்காரன் குறுக்கே கயிறு கட்டினான்.

"நான் வண்டி ஆபீசர்ப்பா. அவசரம்."

"கல்லுக்கு ஆபீசரைத் தெரியாது சார். தள்ளி நில்லுங்க."

நாற்பது நிமிடம் நின்றார்கள். வெடி மூன்று. ஒவ்வொன்றுக்கும் அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். சில்லு வெடிக்கும் முன்பே காதைப் பொத்தியிருந்தாள். பசியோ ஷூவோ, அவரால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கயிற்றுக்கு இப்பால் அங்குமிங்கும் உலாத்தினார்.

"தினமும் இப்படியா பாப்பா?"

"தினமும் இல்ல சார். வாரத்துல ரெண்டு நாள்."

"எந்த ரெண்டு நாள்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் லேட்டாகறேன்?"

லைனுக்குப் போய்ச் சேர்ந்தபோது கருவியில் 4.6 கிலோமீட்டர் வளைந்து வளைந்து விழுந்திருந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் நூல்கண்டு சிக்கிய மாதிரி ஒரு கிறுக்கல். (உலாத்தல் மீட்டரை ரேடியோ கழிச்சான். பாதைக்கு மட்டும்தான் 4.6. தப்பா எழுதாத.) அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். குதிகாலில் கொப்புளம். சில்லுவின் அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, மனுவை எடுத்து, 1.4-ஐ அடித்து, மேலே 4.6 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

லைன் பிள்ளைகள் போட்ட கூச்சலில் நாய்கள் எழுந்து ஓடின. கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் வேலை மிச்சம். ஆனால் அவர் ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"கையெழுத்து போட்டுட்டேன். ஆனா டிரைவர் பேப்பரைப் பார்க்க மாட்டான், போன்ல இருக்கற மேப்பைத்தான் பார்ப்பான். இந்த இடத்துல நிறுத்தம்னு ஒரு புள்ளி ஏறணும். இன்னைக்கே அனுப்பறேன். திங்கக்கிழமை அவன் வண்டி எடுக்கறதுக்குள்ள ஏறிட்டா எட்டு மணிக்கு பஸ் இங்க நிக்கும். ஏறலைன்னா செவ்வாய்க்கிழமைதான்."

"டிரைவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடலாமே சார்?" என்றாள் டீச்சர்.

"புள்ளி இல்லாத இடத்துல நிறுத்தினா அவனுக்கு மெமோ மேடம்."

"நடந்துக்கிட்டே இருந்து, பஸ் வந்தா கை காட்டி ஏறிக்கறோம் சார்" என்றான் லைனில் வீடே இல்லாத ரேடியோ.

"புள்ளியில மட்டும்தான் நிக்கும்டா."

சில்லுவின் அம்மா மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். நடந்து வருவதானால் ஏழே காலுக்குக் கிளம்பியாக வேண்டும். பஸ் எட்டு மணிக்கு. நின்று பார்த்து, பஸ் வராமல் போனால், அப்புறம் ஓடினாலும் கேட் மூடியிருக்கும். பத்தாவது தாமதம். தேர்வு போச்சு. சரி, நடந்தே போகலாம் என்றால், கொடி ஏறினாலும் அதே கதைதான்.

"டீச்சர், திங்கக்கிழமை இவ நிக்கணுமா, நடக்கணுமா?"

டீச்சர் "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்து, ஒரே நாளில் போக வர நான்கு நடை நடந்த காலை வெந்நீரில் விட்டுக்கொண்டு என்னிடம் சிரித்துக் கதை சொன்னாள். சிரிப்புக்கு நடுவே அந்தக் கேள்வியை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

9

முடிவு அ: பஸ் வருகிறது. தூசியைக் கிளப்பிக்கொண்டு, எட்டு மணிக்கு, புள்ளிமேல் சக்கரம் நிற்கிறது. ஆறு பிள்ளைகளும்…

(நல்லாத்தான் இருக்கு. காகிதத்துல பஸ் விடறது சுலபம்டா. அதுல ஏறி ஒருத்தி ஸ்கூலுக்குப் போக முடியுமா?)

முடிவு ஆ: பஸ் வரவில்லை. எட்டரைக்குக் கேட் மூடுகிறது. கம்பிக்கு வெளியே அந்தச் சின்ன உருவம்…

(கிழிச்சிட்டேன்.)

முடிவு இ: தலைமையாசிரியர் மனம் இளகி, திங்கள் ஒரு நாள் மட்டும் கேட்டை ஒன்பது மணிவரை…

(நேத்தே கேட்டேன். "ஒருத்திக்குத் திறந்தா நாளைக்கு முப்பது பேர் நிப்பாங்க டீச்சர்"னுட்டார். அதுவும் நியாயம்தானே?)

முடிவு ஈ எழுதலாம் என்று தாளைத் திருப்பும்போது அக்காவின் போன் அடிக்கிறது. சில்லுவின் அம்மா. அக்கா எடுத்து, "சொல்லுங்கம்மா" என்கிறாள். அந்தக் குரல் எனக்கே தெளிவாகக் கேட்கிறது.

"டீச்சர், புள்ள பையெல்லாம் எடுத்து வச்சிட்டா. அலாரம் எத்தனை மணிக்கு வைக்கறதுன்னு கேக்கறா. நிக்கச் சொல்லவா, நடக்கச் சொல்லவா?"

அக்கா போனைக் கையால் பொத்திக்கொள்கிறாள். சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். காலையிலிருந்து என் வரிகளை அடித்தவள், முதல் தடவையாக என்னைப் பார்த்து, "நீ சொல்லேன்டா" என்கிறாள்.

எனக்குத் தெரியவில்லை. இந்த வரிவரை கூடவே நடந்து வந்தவர் நீங்கள். கணக்கும் தெரியும், கொடியும் தெரியும், அந்த ஆபீசரையும் பார்த்துவிட்டீர்கள். நிக்கவா, நடக்கவா? சீக்கிரம் சொல்லுங்கள். அந்த அம்மா லைனில் இருக்கிறாள்.